அழுத்தம் அழுத்தத்தை ஏற்படுத்துமா?

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் மருந்துக்குக் காத்திருந்தபோது, மேசையில் கிடந்த மும்மொழித் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்தேன். தமிழ்ப் பக்கத்தில் இப்படி ஒரு வசனம்: "நீடித்த மன அழுத்தம் மன அழுத்தத்தை ஏற்படுத்தும்." அச்சுப்பிழையாக்கும் என்று சிங்களப் பக்கத்தைப் பார்த்தால், ஆததிய, விஷாதய என்று இரண்டு சொற்கள் ஒழுங்காக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன். தமிழில் மட்டும்தான் ஒரே மாட்டை இரண்டு வண்டியில் பூட்டியிருக்கிறார்கள்.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிப்ரெஷன், கீழே அமுக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஸ்ட்ரெஸ், இறுக்குதல், நெருக்குதல் என்ற பொருளுள்ள இன்னொரு வினையின் வழி வந்தது. யாரோ ஒருவர் முதற்சொல்லின் வேரைப் பார்த்து 'அழுத்தம்' என்றார். இன்னொருவர் இரண்டாவதற்கும் அதையே வைத்தார். அவ்வளவுதான் கதை.

அப்புறம் நடந்ததுதான் வில்லங்கம். எங்கள் பள்ளிக்கூட பௌதிகத்தில் பிரஷர் அமுக்கம், ஸ்ட்ரெஸ் தகைப்பு. இரும்புக் கம்பிக்குக்கூடத் தனிச்சொல் இருக்கிறது, மனுசருக்கு இல்லை. போதாததற்கு ஆஸ்பத்திரியில் குருதி அமுக்கம் வேறு. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம் கிளினிக்கில் "மன அழுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். "பிறசருக்குக் குளிசை ஒழுங்காப் போடுறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கேள்விக்கொத்தில் அவருக்கு 'இல்லை' என்றுதான் விழுந்திருக்கும்.

இத்தனைக்கும் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. போர்க்காலத்திலிருந்து வடக்குக் கிழக்கில் உளநலப் பணி செய்தவர்கள் ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடு, ஆங்சைட்டிக்குப் பதகளிப்பு, டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு, ட்ரோமாவுக்கு மனவடு என்று புழங்கிப் பழக்கிவிட்டார்கள். நெருக்கீடு எவ்வளவு அருமையான சொல்! நாட்டுக்கு வந்தது நெருக்கடி, அது ஆளுக்குள் இறங்கினால் நெருக்கீடு. வேர் ஒன்றே. நெருக்கீடு மாதக்கணக்கில் விடாமல் இருந்து, தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பற்றுப் போனால் அது மனச்சோர்வாகலாம். முன்னது நிலைமை, பின்னது நோய்.

'சோர்வு' மெல்லிய சொல், ஒரு பிளேன்டீ குடித்தால் போய்விடும் களைப்புப் போல ஒலிக்கிறது, 'அழுத்தம்' என்றால்தான் பாரம் தெரிகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாசித்து வளர்ந்த நண்பர் ஒருவர் இதை ஒவ்வொரு முறையும் சொல்வார். சோர்தல் என்பதற்குக் களைத்தல் மட்டுமா பொருள்? நழுவுதல், வழுவுதல், வடிதல் எல்லாம் உண்டு. கண்ணீர் சோரும், உடை சோரும். ஆளின் பிடி உள்ளேயிருந்து நழுவுவதைச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? அழுத்தம் வெளியேயிருந்து வருவது. அதை எடுத்துவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவார் என்றே கேட்பவருக்குப் படும். மனச்சோர்வு அப்படி நிமிராது. பொருளாதார நெருக்கடியில் சமையல் கேஸுக்கு நின்ற வரிசை 2022இலேயே முடிந்துவிட்டது, அந்த வரிசையில் நின்ற சிலர் இன்னும் படுக்கையை விட்டு எழும்பவில்லை.

சரி, சொல்லுக்காக ஏன் இவ்வளவு சண்டை என்றால், அதே துண்டுப்பிரசுரத்தின் அடுத்த வரி: "கொவிட் காலத்திலும் பொருளாதார நெருக்கடியிலும் பெண்களிடையே மன அழுத்தம் அதிகம்." எது அதிகம்? நெருக்கீடு என்றால், பெற்றோல் வரிசையில் இரவிரவாக ஆட்டோவுக்குள் படுத்திருந்த ஆணுக்கும் குறைவில்லை. மனச்சோர்வு என்றால் அந்த வரி சரி. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெண்களிடம் அது ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கொவிட்டின் முதலாண்டில் உலகளவில் பதகளிப்பும் மனச்சோர்வும் 25 வீதம் கூடியபோதும், பெண்களும் இளையோருமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் இலங்கையில் தற்கொலையால் இறப்போரில் ஆண்கள் பெண்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆணின் மனச்சோர்வு பல வேளைகளில் சிடுசிடுப்பாகவும் சாராயமாகவும் வெளிப்படும், அழுகையாக அல்ல. "வேலையில கொஞ்சம் அழுத்தம்" என்று அவர் சொன்னால் வீட்டாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நோய் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பெண்களுக்கோ வேறு தொல்லை. 'சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்று குறளே சொல்லிவிட்டது. அங்கே சோர்வு என்பது கடமையில் தளர்வதைக் குறிக்கிறது, நோயை அல்ல. ஆனாலும் சோர்வதே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவர், 2022இன் 13 மணித்தியால மின்வெட்டில் விறகடுப்பு மூட்டியபடி, தனக்குச் சோர்வு என்று வாய்திறப்பாரா? 'அழுத்தம்' என்றால் கௌரவமாக இருக்கிறது. அந்தச் சொல் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

இந்த வேலையைச் செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், அதுவும் முதல் நாள் பின்னேரம் கையில் கிடைத்து மறுநாள் காலை அச்சுக்குப் போவது. அவர்களை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஜென்டருக்குப் 'பால்நிலை' என்று கவனமாக எழுதத் தெரிந்தவர், பக்கத்து வரியில் ஏன் இப்படி விட்டார்?

பிரசுரத்தை வெளியிட்டவர்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். புதிய பதிப்பு வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு இடத்திலும் 'மனச்சோர்வு (மன அழுத்தம்)' என்று போட்டிருக்கிறார்கள், ஸ்ட்ரெஸ் வரும் இடத்திலும்.