தேன்மது தேறும் விதம்

மூன்றாவது வாரத்தில் குடுவையைப் பார்க்கச் சகிக்காது. ஒன்றரை கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து, ஒயின் ஈஸ்ட்டைத் தூவி, கழுத்து குறுகிய நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதன் வாயில் ஏர்லாக்கை, அதாவது உள்ளே எழும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பை, செருகி வைத்தேன். முதல் பத்து நாள் ஓயாமல் பொங்கிக்கொண்டிருந்தது. இப்போது சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே இருப்பதோ அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருக்கிறது. தேன்மது, அதாவது மீட், பொன்னிறத்தில் பளிச்சென்று இருக்கும் என்று நம்பி இறங்கியவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்து வடிகட்டியைத் தேடுவார்கள். காபி வடிகட்டித் தாளில் ஊற்றிப் பார்த்தால், கலங்கல் அப்படியே கீழே இறங்கிவிடும், கூடவே காற்றும் நன்றாகக் கலந்துவிடும். இரண்டு வகையிலும் நஷ்டம்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே சொந்த உபயோகத்துக்கு இதையெல்லாம் வீட்டில் செய்யலாம். பீருக்கு வாங்கவேண்டியிருந்த உரிமத்தையும் 1963-ல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். எனவே அங்கிருந்து வாசிப்பவர்கள் இதில் உள்ள அறிவியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறிவியல் கிணற்றுத் தண்ணீருக்கும் பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கலங்கலில் பெரும்பகுதி ஈஸ்ட். மீதி, தேனோடு வந்த புரதமும் மகரந்தமும் மெழுகுத் துணுக்கும். எல்லாமே மதுவை விடக் கொஞ்சம் கனமானவை (மெழுகு மட்டும் மிதக்கும்). அப்படியானால் ஏன் தாமாகக் கீழே விழுவதில்லை? விழுகின்றன. வேகத்தில்தான் சிக்கல். பாகுபோன்ற திரவத்தில் ஒரு சிறு உருண்டை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் 1851-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதில் முக்கியமான செய்தி ஒன்று: வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஈஸ்ட் செல்லின் விட்டம் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், அது ஒரு நாளைக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள குடுவையில் நான்கு நாளில் அடி சேர்ந்துவிடும். அரை மைக்ரான் அளவுள்ள புரதத் திவலைக்கு விட்டம் பன்னிரண்டில் ஒரு பங்கு; ஆகவே வேகம் 144-இல் ஒரு பங்கு. நாளுக்கு அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். அதே 30 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 500 நாள். அதைவிடச் சிறியவை இறங்கவே இறங்கா. நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். புவியீர்ப்பு அவற்றைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே அல்ல. இனிப்பு மிச்சமிருக்கும் மீட் இன்னும் மெதுவாகத் தெளிவதற்கும் காரணம் இதே சூத்திரத்தில் இருக்கிறது: சர்க்கரையால் திரவத்தின் அடர்த்தியும் கூடுகிறது, பிசுக்கும் கூடுகிறது.

இந்தக் கணக்கு திரவம் அசையாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் அது சும்மா இருப்பதில்லை. பகலில் சுவர்ப்பக்கம் சூடாகி மேலே எழும், இரவில் குளிர்ந்து கீழே இறங்கும்; அந்தச் சுழற்சியே அரை மைக்ரான் திவலையைத் தூக்கி அடிக்கப் போதும். அதோடு கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோஸ் புளித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். கிட்டத்தட்ட சரிபாதி வாயு. பெரும்பகுதி ஏர்லாக் வழியே போய்விடும். ஆனால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் போல மதுவிலேயே கரைந்து நிற்கும். அது சிறு குமிழியாகப் பிரியும்போது ஈஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு, இறங்கிக்கொண்டிருந்ததை மறுபடி மேலே கூட்டிவந்துவிடும். அதனால்தான் குடுவையை அவ்வப்போது மெல்லச் சுழற்றி வாயுவை வெளியேற்றுவார்கள். வெயில் பட்டு அறை சூடானாலும், மழைக்கு முன் காற்றழுத்தம் குறைந்தாலும் கரைந்த வாயு வெளியேறி ஏர்லாக் மறுபடி "குளுக்" என்னும். அதைக் கேட்டுப் புளிப்பு இன்னும் நடக்கிறது என்று நினைப்பதும், கேட்காததால் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் ஒரே அளவு தவறு. திரவத்தின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் செல்லும். தண்ணீருக்கு 1.000; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். என் குடுவை 1.100-இல் தொடங்கி 0.998-இல் நின்றது, சுமார் 13 சதவீத ஆல்கஹால். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அதே எண் வந்த பிறகே முடிந்தது என்று ஒத்துக்கொண்டேன்.

சிறியவை இறங்காது, பெரியவை இறங்கும். ஆகவே தெளிய வைப்பது என்றால் சிறியவற்றை ஒன்றாகத் திரட்டுவது. ஈஸ்ட் இதைத் தானே செய்துகொள்ளும். அதன் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்கள் பக்கத்துச் செல்லின் தோலிலுள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். பிடி இறுகக் கால்சியம் அயனி வேண்டும். பல ரகங்களில், மதுவில் சர்க்கரை இருக்கும்வரை அந்தக் கைகளைச் சர்க்கரையே நிரப்பியிருக்கும். அது தீர்ந்த பிறகுதான் கை காலியாகி அடுத்த செல்லைத் தேடும். பத்து மடங்கு பருமனான திரள் நூறு மடங்கு வேகத்தில் விழும். நேற்று கழுநீராக இருந்தது இன்று மேலே இரண்டு விரல் தெளிந்து நிற்கும்போது நடந்திருப்பது இதுதான். குளிரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். பிசுக்கு கூடத்தான் செய்கிறது, ஆனால் மிச்சமிருந்த புளிப்பு நின்று, வாயு கரைந்த நிலையிலேயே தங்கிவிடுவதால் கலக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

புரதத்துக்கு அப்படிப்பட்ட கைகள் கிடையாது. அது திரளாததற்குக் காரணம் மின்னூட்டம். மீட்டின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு (எண் குறைந்தால் அமிலம் அதிகம்), பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். அந்த அமிலத்தன்மையில் புரதத்தில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் ஏந்தி நிற்கும். ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, ஒட்டாமல், விழாமல் மிதக்கும். எதிர்மின்னூட்டம் உள்ள ஏதாவது ஒன்றை உள்ளே விட்டால் கதை மாறும். பென்டோனைட் களிமண் அப்படிப்பட்டது. போர்வெல் தோண்டும்போது சேறாகக் கரைத்து ஊற்றுகிறார்களே, அதே மண். குஜராத்தின் கட்ச்சிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் வெட்டி எடுக்கிறார்கள். அதன் தகடு ஒன்றின் தடிமன் ஒரு நானோமீட்டர் அளவே. வெந்நீரில் ஊறவைத்தால் தகடுகள் விலகி உப்பி, ஒரு கிராமுக்குள் பிரமாண்டமான பரப்பு திறந்துகொள்ளும். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகச் சேர்த்தால் போதும், புரதம் அதில் அப்பிக்கொண்டு பொதபொதவென்று இறங்கும். முதல்முறை பார்க்கும்போது குடுவைக்குள் பனி பெய்வதுபோலத் தெரிந்தது.

ஈஸ்ட்டின் தோல் இதற்கு நேர்மாறு, எதிர்மின்னூட்டம். அதைப் பிடிக்க நேர்மின்னூட்டமுள்ள ஜெலட்டின், அல்லது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும் உண்டு. சைவக்காரர்களும் நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. அளவு மிஞ்சினால் தெளியாது என்பதும் ஒரு வேடிக்கை. எதிர்மின்னூட்டத் துகள் முழுவதையும் நேர்மின்னூட்டம் போர்த்திவிட்டால், அவை இப்போது நேர்மின்னூட்டத் துகள்களாகி மறுபடி ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும்.

நம்மூரில் கலங்கிய தண்ணீர்க் குடத்தில் படிகாரத்தைச் சுழற்றியதும், தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசியதும் இதே வித்தைதான். படிகாரத்தின் அலுமினியம் மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. சேற்றின் எதிர்மின்னூட்டத்தை அது சட்டென்று அடக்கிவிடும். தேற்றாங்கொட்டையின் நீண்ட மூலக்கூறுகள் ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் பாலம் போட்டுத் திரட்டும். தெளிய வைப்பது என்ற பொருளில்தான் அந்தக் கொட்டைக்கே "தேற்றா" என்று பெயர். உடம்பு தேறியது, பரீட்சையில் தேறினான் என்கிறோமே, அந்தத் "தேறு"வுக்கும் தெளிதல் என்ற பொருள் உண்டு. தெளிந்த கள்ளுக்குத் தேறல். திருமுருகாற்றுப்படையில் மலைக் கானவர்கள் உறவுகளோடு குடிப்பது "நீடு அமை விளைந்த தேக்கள் தேறல்": நீண்ட மூங்கிலில் முதிர்ந்த தேன்கள்ளின் தெளிவு. தெளிந்த மீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதைப் புலவர் சொல்லவில்லை. மூங்கிலுக்குள் எட்டிப் பார்க்கவும் முடிந்திருக்காது.

அடியில் மண்டி சேர்ந்த பிறகு மேலே உள்ள தெளிவை வேறு குடுவைக்கு மாற்றவேண்டும். வைத்தியர்கள் "தெளிவை இறுத்து" என்று எழுதுவார்களே, அந்த இறுத்தல். சாய்த்து ஊற்றினால் பாதி மண்டியும் வந்துவிடும், ஆகவே குழாய். டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிரம்பிய குடுவை மேசைமேல், காலிக் குடுவை தரையில். குழாயின் வெளிமுனை உள்ளேயுள்ள திரவ மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை நீண்ட பக்கத்தின் எடை குட்டைப் பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே வாய் வைக்கக்கூடாது. வாயிலிருக்கும் பாக்டீரியா மதுவுக்கு வேண்டாத விருந்தாளி. குழாயைச் சுத்தமான தண்ணீரால் நிரப்பி விரலால் அடைத்துத் தொடங்கினால் போதும். முந்தின இரவே குடுவையின் ஒரு பக்கத்தில் ஒரு புத்தகத்தைச் சொருகிச் சாய்த்து வைப்பேன். மண்டி ஒரு மூலைக்குப் போய்விட்டால் கடைசி டம்ளர் வரை தெளிவாகக் கிடைக்கும்.

வெளிமுனை புதுக் குடுவையின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். மேலிருந்து சளசளவென்று விழுந்தால் ஆக்சிஜன் கரையும். புளிக்கத் தொடங்கும் நாளில் ஈஸ்ட்டுக்கு அது உணவு. இப்போது விஷம் மாதிரி. ஆல்கஹால் மெல்ல அசிட்டால்டிஹைடாக மாறி, அடிபட்டுக் கன்றிய ஆப்பிளின் வாடை வரும். புதுக் குடுவையின் கழுத்துவரை நிரப்பச் சொல்வதும் இதற்காகத்தான். மண்டியிலேயே கிடந்தால் ஈஸ்ட் செத்து அழுகிக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை; நுரைக்கும் ஒயினான ஷாம்பெயின் வருடக்கணக்கில் ஈஸ்ட் மண்டியோடு கிடந்துதான் ருசி ஏறுகிறது. அவசரப்பட்டு நாலு முறை இறுத்து நாலு முறை காற்றைக் கலப்பதைவிட, பொறுத்திருந்து இரண்டு முறை இறுத்தால் போதும்.

பாட்டிலில் அடைப்பதற்குமுன் ஒரு விஷயம். கண்ணுக்குத் தெளிந்தது தெளிந்ததாகிவிடாது. ஒரு மில்லிலிட்டரில் சில ஆயிரம் ஈஸ்ட் செல்கள் இருந்தாலும் மது கண்ணாடி மாதிரிதான் தெரியும். சர்க்கரை முழுக்கத் தீர்ந்த மீட்டில் அவற்றால் தொந்தரவு இல்லை. இனிப்புக்காகத் தேனைப் பிறகு சேர்த்தாலோ, புளிப்பு பாதியில் தூங்கிப்போயிருந்தாலோ, அந்தச் சில ஆயிரம் பேர் பாட்டிலுக்குள் விழித்துக்கொள்வார்கள். ஷாம்பெயினில் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் புளிப்புக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள்; அதில் எழும் அழுத்தம் 6 வளிமண்டலம். கார் டயரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஹைட்ரோமீட்டரில் 1.010-இல் நின்ற மீட்டை அடைத்து, அது 1.000-க்கு இறங்கினால் அதே அளவு சர்க்கரை புளித்திருக்கும். ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்றே தடிமனாக வார்த்தது, சாதா ஒயின் பாட்டில் அப்படி இல்லை. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பது பற்றி கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கில மருத்துவர் 1662-லேயே லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். நிலக்கரி உலையில் வார்த்த உறுதியான இங்கிலாந்துக் கண்ணாடி அப்போது கிடைத்ததால்தான் அது சாத்தியமானது.

எனவே இனிப்பு வேண்டுமென்றால் முதலில் தெளியவைத்து இறுத்து, பிறகு இரண்டு உப்புகள். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஒன்று. இங்கே அதைக் கேம்ப்டன் மாத்திரை என்பார்கள். நாலரை லிட்டருக்கு ஒன்று. அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு வேலை செய்யும் என்பது அமிலத்தன்மையைப் பொறுத்தது: பி.எச். 3.2-இல் எதோடும் சேராமல் தனியாக இருக்கும் கந்தக டை ஆக்சைடில் 25-இல் ஒரு பங்கு நுண்ணுயிரைத் தாக்கும் வடிவத்தில் இருக்கும், 3.8-இல் நூறில் ஒன்றுதான். மற்றது பொட்டாசியம் சார்பேட். அது ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாது. கூட்டம் குறைவாக இருந்தால்தான் அந்தக் குடும்பக்கட்டுப்பாடு எடுபடும். கலங்கிய மீட்டில் சார்பேட்டைக் கொட்டுவது வீண். தனியாக அதை மட்டும் போட்டால் லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலை வாடை கிளப்பும். சல்ஃபைட் கூட இருப்பது அதைத் தடுக்கத்தான்.

மற்றதெல்லாம் கைவேலை. பாட்டிலைக் கழுவிக் கிருமி நீக்கி, குழாயை அடிவரை விட்டு நிரப்பி, கார்க்குக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விடவேண்டும். சூட்டில் ஆல்கஹால் தண்ணீரைவிட அதிகமாக விரியும்; இடமில்லாவிட்டால் கோடையில் கார்க் தானே மேலே ஏறும்.

ஒரு வருடம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தேன். நிறம் வைக்கோலைப்போல, எதிரே இருந்த செய்தித்தாளின் எழுத்துகள் அதன் வழியே தெரிந்தன. அடியில் மட்டும் ஒரு மெல்லிய படலம், அந்த அரை மைக்ரான் கூட்டம், நாளுக்கு அரை மில்லிமீட்டராக நடந்து ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. பாட்டிலை ஆட்டாமல் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை அப்படியே விட்டுவிட்டேன்.