டுட்டு ஏன் தொங்குவதில்லை?

துணி என்றால் தொங்கும். ஆனால் பாலே நடனத்தில் பெண்கள் அணியும் டுட்டு என்கிற குட்டைப் பாவாடை, இடுப்பிலிருந்து தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. குதித்தாலும் சுழன்றாலும் சரிவதில்லை. உள்ளே பெரிய கம்பிக்கூடு இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலும் மெல்லிய எஃகு வளையம் ஒன்றுதான் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது.

வேலை முழுவதையும் செய்வது வலைத்துணி. அறுகோணக் கண்கள் கொண்ட இந்த வலையை இயந்திரத்தில் பின்னும் வழியை இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808-09 வாக்கில் கண்டுபிடித்தார். கொஞ்சம் நூலிலேயே நிறையப் பரப்பு கிடைப்பதால் எடை மிகக் குறைவு. இருந்தாலும் ஒரு முனையில் மட்டும் பிடிபட்ட பட்டை தன் எடையாலேயே வளையும். அதுவும் நீளம் 2 மடங்கானால் தொங்கல் 16 மடங்காகிறது. முழங்கால்வரை வரும் பாவாடையை இப்படி நிறுத்த முடியாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

குட்டையாக வெட்டினால் மட்டும் போதாது. தையல்காரர்கள் பல மீட்டர் வலையை நெருக்கமாகச் சுருக்கி ஓர் இடுப்புச் சுற்றுக்குள் அடக்குகிறார்கள். தட்டையான தகரம் கையில் வளையும், அதையே அலை அலையாக மடித்தால் கூரைக்குத் தாங்குகிறதல்லவா? சுருக்கங்கள் வலைக்குச் செய்வதும் அதைத்தான். இப்படிப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகள். தொடையை ஒட்டியிருக்கும் அடி அடுக்கு சில சென்டிமீட்டர்தான். மேலே போகப் போக அகலம் கூடும், கீழுள்ளது மேலுள்ளதைத் தாங்கும். கடைசியில் அடுக்குகளை ஊடுருவித் தளர்வாகக் கையால் தையல் போடுவார்கள். இறுக்கி இழுத்துவிட்டால் போச்சு, பாவாடை குடையாக மடங்கிவிடும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? காலைக் காட்டத்தான். 1653-இல் பதினான்காம் லூயி மன்னரே சூரியனாக வேடம் கட்டி ஆடிய காலத்தில் பாலே உடை அரசவை ஆடம்பரத்தின் நீட்சி. அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவின் மரி கமார்கோ, தன் துள்ளல்களும் பாத அடிகளும் தெரிவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றினார். 1832 மார்ச் 12 அன்று மரி தாக்லியோனி காற்றுத் தேவதையாக நுனிக்காலில் ஆடியபோது அணிந்தது மணி வடிவ வெள்ளைப் பாவாடை. மெல்லிய வெள்ளை அடுக்குகள் விளக்கொளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். உடலின் விளிம்பு மங்கும், ஆள் மிதப்பதாகத் தோன்றும். அப்புறம் இத்தாலிய நடனக்காரர்கள் வந்தார்கள். 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியரினா லென்யானி ஒற்றைக் காலில் 32 முறை சுழன்ற காலத்தில் முழங்காலே தெரிய வேண்டியதாயிற்று.

ஆனால் ஆளை மிதக்க வைத்த அந்த மெல்லிய துணியே உயிரையும் குடித்தது. அன்றைய பாவாடைகள் கஞ்சி போட்ட மெல்லிய பருத்தி. இழைக்கு இழை நடுவே காற்று நிறைந்திருப்பதால் பொறி பட்டால் நொடியில் முழுவதும் பற்றும். பாரிஸ் ஓபராவுக்கு 1822-இல் எரிவாயு விளக்கு வந்துவிட்டது. மேடை ஓரமெல்லாம் திறந்த சுடர்கள். லண்டனில் 1844-இல் கிளாரா வெப்ஸ்டர் இப்படித்தான் கருகி இறந்தார். 1862 நவம்பர் 15 அன்று பாரிஸ் ஓபராவில் ஒத்திகையின்போது, தாக்லியோனியின் அருமை மாணவியான எம்மா லிவ்ரியின் பாவாடையில் தீப்பிடித்தது. 20 வயது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். மிஞ்சிய துணித் துண்டுகளை அந்த ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மருந்து தெரிந்திருந்தது. 1821-லேயே வேதியியலாளர் கே-லூசாக், அம்மோனியம் பாஸ்பேட், போராக்ஸ் போன்ற உப்புகளில் நனைத்த துணி சுடர்விடாது என்று காட்டியிருந்தார். சூட்டில் பாஸ்பேட் உப்பு அமிலமாக மாறிப் பருத்தியிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிறது. எரியக்கூடிய ஆவி கிளம்புவதற்குப் பதில் துணி கரியாகி நின்றுவிடுகிறது. ஆனால் உப்பில் தோய்த்த துணி விறைக்கும், வெண்மை மங்கும். லிவ்ரி அதை உடுத்த மறுத்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரசிகர்கள் காசு கொடுத்தது மிதப்பதைப் பார்க்க. அழுக்கேறியது போன்ற விறைத்த பாவாடையில் எப்படி மிதப்பது? விளக்குகளுக்குக் கூண்டு போட்டிருக்கலாமே என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

மின்விளக்கு அந்த ஆபத்தைப் பெரும்பாலும் போக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வலை பரவியது. பருத்தியைவிடக் குறைவாகவே ஈரம் உறிஞ்சுவதால் வியர்வையில் எளிதில் துவளாது. வளையத்திலோ வேறு சிக்கல்: ஒரு பக்கம் உடன் ஆடுபவரின் கை பட்டால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலஞ்சினுக்கு உடை தைத்த பார்பரா கரின்ஸ்கா 1950-இல் வளையத்தையே எடுத்துவிட்டு, குட்டையான, மெத்தென்ற அடுக்குகளால் டுட்டு செய்தார். கூட்டமாக ஆடும்போது ஒன்றோடொன்று மோதும் தொல்லையும் குறைந்தது.

துவைப்பதுதான் கஷ்டம். முழுதாகத் தண்ணீரில் முக்கினால் விறைப்பு போய்விடும். அதனால் பல நாடக அரங்குகளில் மேல்சட்டையின் அக்குள் பகுதியில் வோட்கா தெளிக்கிறார்கள். ஆல்கஹால் நாற்றம் உண்டாக்கும் கிருமிகளைக் கொன்றுவிட்டு ஆவியாகிவிடும். விலை மலிவான வோட்காவே போதுமாம்.