எட்டும் எய்ட்டும் உறவா?

“எட்டு – எய்ட், ஒன்று – ஒன். இத்தனை நெருக்கமாக இருக்கின்றனவே, ஆங்கிலம் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்கள்தானே இவை?” வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இப்படிப்பட்ட சொற்பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் வலம் வருகின்றன. இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் சுவை இருக்கிறது.

முதல் வேலை, சொல்லின் பழைய வடிவத்தைத் தேடுவது. ஏறத்தாழ 450 முதல் 1100 வரை இங்கிலாந்தில் வழங்கியதைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அன்றைக்கு ‘எய்ட்’ என்று எவரும் சொல்லவில்லை, ‘எஅஃதா’ என்றார்கள். நடுவில் வருவது நம் ஆய்தம் போலத் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலி. ‘அஃது’ என்று சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். இன்று அந்தச் சொல்லை எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என இரண்டு எழுத்துகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கின்றனவே, அவை அந்த உரசொலியின் தடம். நைட், லைட் போன்ற சொற்களிலும் இதே கதைதான். ‘நைட்’ அன்று ‘நிஃட்’. ஸ்காட்லாந்து வழக்கில் அந்த உரசல் இன்னும் காதில் விழும்.

அடுத்து, உடன்பிறந்த மொழிகளைப் பக்கத்தில் வைக்க வேண்டும். எட்டுக்கு ஜெர்மனில் ‘அஃட்’. இன்னும் தள்ளிப் போனால் லத்தீன் ‘ஆக்டோ’, கிரேக்கமும் ‘ஒக்டோ’. ஆக, உரசொலி இருந்த இடத்தில் அதற்கும் முன்னால் இருந்தது ககரம்.

இப்போது தமிழ்ப் பக்கம் வாருங்கள். எட்டு, எண்பது, எண்ணூறு, எண்திசை. எட்டின் அடிச்சொல் ‘எண்’. எட்டு என்பதன் ஒற்று புணர்ச்சியில் ணகரமாகும் என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. கன்னடத்தில் அந்த மெல்லொலி இன்றும் வெளிப்படையாக நிற்கிறது: ‘எண்டு’. தெலுங்கில் ‘எனிமிதி’.

காலத்தில் பின்னோக்கி நடக்க நடக்க ஒரு சொல் ‘ஒக்டோ’ பக்கமும் இன்னொன்று ‘எண்’ பக்கமும் போகின்றன. உறவு இருந்தால் பழைய வடிவங்கள் ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன. இன்றைய ஒற்றுமை, இரண்டு வேறு பாதைகள் தற்செயலாக ஒரு முச்சந்தியில் சந்தித்ததால் வந்தது. ‘ஒன்’ கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னால் உதடு குவித்துச் சொல்லும் வகர ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ‘அலோன்’, ‘ஓன்லி’ இரண்டும் அதே சொல்லிலிருந்து பிறந்தவை. அவற்றில் அந்த வகரம் இல்லை.

அப்படியானால் உண்மையான உறவு எப்படி இருக்கும்? தமிழருக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பால் – ஹாலு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. கன்னடம் ஒரு சொல்லை மட்டும் மாற்றவில்லை. சொல்லின் முதலில் வந்த பகரத்தை வரிசையாக ஹகரமாக்கியது. ஒலிமாற்றம் என்பது இப்படி ஒழுங்காக நடப்பது. தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816-இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் காட்டியதும், 1856-இல் கால்டுவெல் விரிவாக நிறுவியதும் இந்த ஒழுங்கின் பலத்தில்தான்.

ஆங்கிலத்தின் மூதாதை மொழியிலும் அப்படி ஒரு பெருமாற்றம் நடந்தது. அதை டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்க் 1818-இல் கவனித்தார்; சிறார் கதைகளுக்காக நாம் அறிந்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822-இல் விதியாக வகுத்தார். ப ஒலி ஃப ஆகும், ககரம் ஹகரமாகும், அதிர்வில்லாத தகரம் (‘தலை’யில் வருவது), ‘திங்க்’ என்பதில் வரும் மூச்சொலியாகும், அதிர்வுள்ள தகரம் (‘பந்து’ என்பதில் வருவது) ட ஆகும். ஆங்கிலத்தின் தூரத்து உறவான சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த ‘பாதம்’ என்ற சொல்லை இந்த விதியில் போட்டால் ப, ஃப ஆகி, த, ட ஆகி, பழைய ஆங்கில ‘ஃபோட்’ கிடைக்கிறது, இன்றைய ‘ஃபுட்’. ‘தந்தம்’ – ‘டூத்’ இணையும் அப்படியே. நடுவில் இருந்த நகரம் எங்கே என்று கேட்பீர்கள். மூச்சொலிகளுக்கு முன்னால் வந்த நகரத்தைப் பழைய ஆங்கிலம் விழுங்கிவிட்டு, முந்தைய உயிரை நீட்டிக்கொண்டது. ஜெர்மன் ‘கன்ஸ்’, ஆங்கிலத்தில் ‘கூஸ்’. நம் காதுக்குப் பழகிய ஹம்சத்தின் உறவுச்சொல் அது.

இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ‘பிதா’, ‘மாதா’, ‘பிராதா’ மூன்றிலும் இருப்பது ஒரே தகரம். விதிப்படி மூன்றிலும் ஒரே மூச்சொலி வந்திருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் சகோதரன் ‘ப்ரோதோர்’, சரி. தந்தையோ ‘ஃபேடர்’, தாய் ‘மோடோர்’. இரண்டு இடத்தில் தகரம் டகரமாகி நிற்கிறது. (இன்றைய ஆங்கிலத்தில் ஃபாதர், மதர், பிரதர் என்று மூன்றும் ஒன்றுபோலத் தெரிவது இடைக்காலத்துக்குப் பின் நடந்த வேறொரு மாற்றத்தால். இன்றைய வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இப்படி ஒரு புதிர் இருந்ததே தெரியாது.)

ஐம்பது ஆண்டுகள் இதை விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்கிவைத்தார்கள். 1870-களில் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ் அறிஞர் வேத மொழியின் சுரக் குறிகளைப் பார்த்தார். வேதத்தில் ஒவ்வொரு சொல்லிலும் எந்த அசையில் குரல் உயர வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. ‘பிதர்’, ‘மாதர்’ இரண்டிலும் குரல் உயர்வது கடைசி அசையில், அதாவது தகரத்துக்குப் பின்னால். ‘ப்ராதர்’ என்பதில் உயர்வது முதல் அசையில், தகரத்துக்கு முன்னால். மூச்சொலிக்கு முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் அது அப்படியே நின்றது. இல்லாவிட்டால் அதிர்வொலியாகி, கடைசியில் டகரமானது. அதன்பின் ஆங்கிலத்தின் முன்னோர்கள் எல்லாச் சொற்களுக்கும் அழுத்தத்தை முதல் அசைக்கே நகர்த்திவிட்டார்கள். காரணம் அழிந்துபோயிற்று, விளைவு மட்டும் மிஞ்சியது. அழிந்த காரணத்தின் பதிவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பாடம் ஓதியவர்களின் தொண்டையில் பத்திரமாக இருந்திருக்கிறது. மொழியியலில் இதைவிட அழகான துப்பறிதல் எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் சுவடு பள்ளிக்கூட ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘வாஸ்’ ஒருமை, ‘வேர்’ பன்மை. ஸகரம் ஏன் ரகரமானது? பன்மை வடிவத்தில் அன்று அழுத்தம் விகுதியில் இருந்தது. அதனால் ஸ அதிர்ந்து, ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான ‘ஸெட்’டின் ஒலியாகி, பிறகு ரகரமானது. ‘வாசம் செய்தல்’, ‘கிராமவாசி’ என்கிறோமே, அந்த வேர்தான் இது.

பொருள் மாற்றத்துக்கு இத்தனை கறாரான விதி கிடையாது. ‘டியர்’ எனும் மான், அன்று ‘டேஓர்’, எந்த விலங்குக்கும் பொது. ‘ஸ்டார்வ்’ என்றால் இன்று பட்டினி கிடப்பது. அன்று சாவது என்று மட்டுமே பொருள், பசிக்காமலும் சாகலாம். ‘லார்ட்’ என்பது ‘ஹ்லாஃப்வேயர்ட்’, ரொட்டியைக் காப்பவர். ‘ஸ்டெஞ்ச்’ என்றால் இன்று முடைநாற்றம். அன்று ‘ஸ்டெஞ்ச்’ நறுமணத்துக்கும் வரும். நம் ‘நாற்றம்’ இறங்கிய அதே படிக்கட்டு.

பிழை நேரும் இடங்கள் சில. எழுத்துக்கூட்டலை நம்பக்கூடாது: ‘ஐலண்ட்’ அன்று ‘ஈய்லண்ட்’, அதில் எஸ் எழுத்தே இல்லை. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற வேறு சொல்லைப் பார்த்துப் பின்னால் தவறாக நுழைத்தார்கள். அம்மா, மாமா போன்ற மழலைச் சொற்களைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. எந்தக் குழந்தையும் முதலில் உதட்டால்தான் பேசும். ஒரே ஒரு சொல்லை வைத்து உறவு பேசவும் கூடாது.

எல்லாவற்றையும் தமிழிலிருந்தே பிறக்கவைக்கும் பட்டியல்கள் மொழிப்பற்றின் பெயரால் வரும் மூடநம்பிக்கை. ஆங்கிலேயர்கள் 1857-இல் யோசனை தொடங்கி, 1884-இல் முதல் பகுதி வெளியிட்டு, 1928-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை முடித்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள் தந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் திருத்திய பதிப்பு 1984-இல் வந்தது. கல்வெட்டுச் சான்றோடு ஆண்டு வாரியாகச் சொற்களின் வரலாற்றைத் தொகுக்க அரசுப் பணம் தாராளமாகப் போக வேண்டும். மேடைப் பெருமிதத்தை விட அது நெடுநாள் நிற்கும்.

உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுப்பதும் அதே விதிகள்தான். மிளகுக்குப் பழைய ஆங்கிலம் ‘பிபோர்’. வழிவழி வந்த சொல்லாக இருந்தால் ப எல்லாம் ஃப ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, எனவே ஒலிமாற்றம் முடிந்த பிறகு கடனாக வந்தது. லத்தீன் ‘பிப்பெர்’, கிரேக்கம் ‘பெப்பெரி’, அதற்குப் பின்னால் இந்தியாவின் ‘பிப்பலி’, நம் திப்பிலி. 735-இல் இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் உயிர் துறந்த பீட் என்ற துறவியின் சிறு பெட்டியில் மிளகு இருந்ததாக அவருடைய மாணவர் கடிதம் சொல்கிறது.

அந்தக் கால மருத்துவக் குறிப்புகளில் ‘கிங்கிஃபர்’ என்றொரு மருந்தும் வருகிறது, இன்றைய ‘ஜிஞ்சர்’. லத்தீனில் ‘ஸிங்கிபெர்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, பாலியில் ‘சிங்கிவேர’. சமஸ்கிருதத்தார் அதற்கு ‘சிருங்கவேர’, கொம்பு போன்ற உடல் கொண்டது என்று பொருத்தமாக ஒரு விளக்கம் ஒட்டினார்கள். அதுவும் ஒலி ஒற்றுமையால் பிறந்த விளக்கமே. ‘வேர’ என்பது தெற்கே எல்லோருக்கும் புரியும் வேர். முன்பாதி, இஞ்சி.