ஜங்கிள் வேறு, மழைக்காடு வேறு

காங்கேயம் பக்கம் ஒருவர் "காட்டுக்குப் போய்ட்டு வர்றனுங்க" என்றால், சோளமோ கடலையோ விதைத்த மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். யானை உலவும் மலைக்கு அல்ல. ஆங்கிலத்தின் 'ஜங்கிள்' பிறந்ததும் இப்படியொரு வறண்ட நிலத்தில்தான்.

சமஸ்கிருதத்தில் 'ஜாங்கலம்' என்பது தண்ணீர் குறைந்து, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வெட்டவெளி. ஆயுர்வேத நூல்கள் அதை, ஈரம் மிகுந்த 'அனூப' நிலத்துக்கு நேரெதிராக வைக்கின்றன. காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். இந்தியில் 'ஜங்கல்' ஆனபோது பொருள் தரிசுப் பக்கம் நகர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஹால்ஹெட் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1776-ல் லண்டனில் அச்சான இந்துச் சட்டத் தொகுப்பு, ஐந்து ஆண்டு பயிர் வைக்காமல் கிடந்த நிலத்தை 'ஜங்கிள்' என்கிறது. தரிசில் புதர் மண்டும். அந்தப் புதரைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலம் அடர்காடு வரை போய்விட்டது.

தாவரவியலில் இந்தச் சொல் உதவாது. ஷிம்பர் என்ற ஜெர்மானியர் 1898-ல் 'மழைக்காடு' என்ற பெயரை நிலைநிறுத்தினார். இரண்டையும் பிரிப்பது தரையில் விழும் வெளிச்சம்.

வால்பாறை ரோட்டோரத்தில் உண்ணிச்செடியும் (லாண்டானா) கொடிகளும் பின்னிக் கிடக்கும். அரிவாள் இல்லாமல் கால் வைக்க முடியாது. அதுதான் ஜங்கிள். சிதையாத காட்டுக்குள் நூறு மீட்டர் போனால் வெடிப்பலா, நாங்கு மரங்கள் முப்பது மீட்டருக்கு மேலே கூரை போட்டிருக்கும். வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். அந்த மங்கலில் புதர் பிழைக்காது. சருகும் நிழல் தாங்கும் நாற்றுகளும்தான். தாராளமாக நடக்கலாம், அட்டை மட்டும் ஏறும்.

ஆகவே மழைக்காட்டுக்குள் புதர் பின்னிக் கிடந்தால், அங்கே கூரை பிளந்திருக்கிறது. மரம் சாய்ந்திருக்கலாம், வெட்டியிருக்கலாம், ரோடு போட்டிருக்கலாம். ஆற்றங்கரையில் மட்டும் அது இயல்பு.

சிதைந்த காட்டை மீட்க நினைப்பவர்கள் இதை அறியாமல் உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டுகிறார்கள். கவாத்து செய்ததுபோல அடுத்த மழைக்கே பல கிளையாகத் தழைக்கும். மண்ணைத் தோண்டி, துளிர்விடும் அடித்தண்டுக்குக் கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். அப்படிச் செய்தும் இடத்தை வெறுமனே விட்டால், மண்ணில் கிடக்கும் விதை வெயில் பட்டு முளைக்கும். அதே பருவத்தில் அந்தக் காட்டுக்கே உரிய மரநாற்றுகளை நட்டு, அவை நிழல் கட்டும்வரை புதரை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.