சட்டகம் அல்ல, சாரம்

செல்களை வளர்த்துப் புதுத் திசு உண்டாக்கும் திசுப் பொறியியலில், அந்தச் செல்கள் பற்றி வளர வைக்கும் தாங்கிக்கு 'ஸ்கேஃபோல்ட்' என்று பெயர். அந்தச் செய்திகளைத் தமிழில் தருகிறவர்கள் இந்தச் சொல்லைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பெற்றோர் குழுவில் சுற்றுக்கு வந்த அறிவியல் செய்தி ஒன்றில் "செல்கள் தூக்குமேடையில் வளர்கின்றன" என்று இருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு செய்த கூத்து. படித்தோம், சிரித்தோம், விட்டோம். ஆனால் மனிதர்களே உட்கார்ந்து யோசித்துப் போடும் 'திசுச் சட்டகம்' அப்படி விட்டுவிடக் கூடியது அல்ல. கேட்கக் கேட்கப் பொருத்தமாகத் தோன்றுகிறது என்பதுதான் அதன் ஆபத்து.

சொல்லின் பிறப்பை நாலு வரியில் முடித்துவிடலாம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உயரமாக அமைத்த மேடை என்பது பழைய பொருள். அதன்மேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சுவர் எழுப்பினார்கள், குற்றவாளியின் தலையையும் வாங்கினார்கள். ஜெர்மானியர் கொலைமேடைக்கு 'ஷாஃபோட்', கட்டட வேலைக்கு 'கெருஸ்ட்' என்று பிரித்துக்கொண்டார்கள். நம்மிடமும் தூக்குமேடை வேறு, சாரம் வேறு.

சரி, ஆய்வுக்கூடத்தில் அது என்ன செய்கிறது? 1981-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்து யன்னாஸும் பாஸ்டன் அறுவை மருத்துவர் பர்க்கும் தீக்காயத்துக்கு ஒரு செயற்கைத் தோலை அறிவித்தார்கள். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் கலந்து நுண்துளைகளோடு செய்த அடிப்படலம், அதன்மேல் மெல்லிய சிலிகோன் தாள். காயத்தில் ஒட்டியதும் நோயாளியின் சொந்தச் செல்கள் துளைகளுக்குள் ஏறி, பிடித்து நின்று, புதுத் தோலை நெய்யத் தொடங்கும். அவை நெய்ய நெய்ய அடிப்படலம் கரைந்து போகும். சில வாரங்களில் சிலிகோனை உரித்துவிட்டு, நோயாளியின் தோலையே மிக மெல்லிதாகச் சீவி மேலே ஒட்டுவார்கள். வந்த வேலை முடிந்ததும் வந்த பொருள் அங்கே இல்லை.

இதைத்தான் கொத்தனார் சாரம் என்கிறார். கோயில் கோபுரத்துக்கு வண்ணம் பூசச் சாரம் கட்டுவார்கள். குடமுழுக்குக்கு முன் சாரம் பிரிப்பார்கள். 'கட்டுதல்', 'பிரித்தல்' என்ற இரண்டு வினையும் அந்தச் சொல்லோடு கூடவே வருகின்றன. சட்டகத்துக்கு இந்த இரண்டாவது வினை கிடையாது. கதவுச் சட்டமும் படச்சட்டமும் பொருளோடு கடைசிவரை இருப்பவை; சட்டத்தைக் கழற்றினால் கதவு விழும். சாரத்தைப் பிரித்த பிறகுதான் கோபுரமே முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். கரைவதற்கென்றே செய்த ஒரு பொருளுக்கு, நிலைத்து நிற்பதற்குப் பேர்போன சொல்லைச் சூட்டுவது என்ன நியாயம்?

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர்ச் செய்தி ஒன்று. 2019 மார்ச்சில் பிரிட்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மஷுடு ட்ஷிஃபுலாரோ, முப்பரிமாண அச்சில் செய்த நடுச்செவி எலும்புகளைப் பொருத்தி அறுவை செய்தார். சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றும் டைட்டானியம். அவை செவிக்குள்ளேயே இருந்து ஒலியைக் கடத்த வேண்டியவை. கரைந்தால் காது போச்சு. நான் பார்த்த ஒரு தமிழ்க் குறிப்பு இதையும் 'திசுச் சட்டகம்' என்றே எழுதியது. நிரந்தரமாகப் பொருத்துவதும், வேலை முடியும்வரை இருந்துவிட்டுப் போவதும் ஒரே பெயரில். இதைப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு துறையும் குழம்பும்.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். சாரம் என்றால் சத்து, பிழிவு என்றும் பொருள். 'திசுச் சாரம்' என்றால் திசுவை அரைத்து எடுத்த சாறு என்று ஒருவர் படிக்கலாம். வடமொழிச் சாரமும் கொத்தனார் சாரமும் எழுத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. இலங்கைக்காரர்கள் இடுப்பில் கட்டுவதும் சாரம்தான், அது தனிக்கதை! ஆனால் மருந்து மிகவும் எளிது: சாரக்கட்டு. அப்படி எழுதினால் சாறு என்று யாரும் படிக்கப் போவதில்லை. ஒரு குழப்பத்துக்குப் பயந்து இன்னொரு பிழையைக் கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை.

சட்டகக் கட்சியினர் காட்டும் இன்னொரு உதாரணம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உகோ ரிபமொன்டி பவளத்தின் சுண்ணக்கூட்டை எலும்புக் கனிமமாக மாற்றி, பபூன் குரங்குகளின் தசைக்குள் வைத்தார். வளர்ச்சிப் புரதம் எதையும் சேர்க்காமலே, எலும்பே இல்லாத தசையில், அந்தத் துளைகளுக்குள் எலும்பு உருவானது. அந்தக் கனிமம் லேசில் கரையாது என்பது உண்மை. ஆனாலும் அங்கே அதன் வேலை செல்லுக்கு நிற்க இடம் கொடுப்பது. பிரிக்கத் தாமதமானாலும் சாரம் சாரம்தான். ஊரில் எத்தனை கட்டடங்களில் ஆண்டுக்கணக்காகப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள்!

என் எரிச்சல் உண்மையில் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. இலங்கைப் பாடநூல் 'இழையம்', 'கலம்' என்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் 'திசு', 'செல்' என்கிறது. தென்னாப்பிரிக்காவில் வகுப்பு நடத்துகிறவர்களிடம் இரண்டும் வந்து சேர்கின்றன. அதுகூடப் பரவாயில்லை, இரண்டும் உழைத்துப் புழங்கிய சொற்கள். 'திசு' தனித்தமிழ் இல்லை என்று சண்டை போடும் அதே ஆட்கள், கையருகே கிடக்கும் கொத்தனாரின் சொல்லைக் கண்டுகொள்ளாமல் அகராதியிலிருந்து பளபளப்பான ஒன்றை எடுத்து ஒட்டுகிறார்கள். தூய்மை வேண்டும், ஆனால் வேலைத்தளத்து வாடை கூடாது போலும்.

சட்டகத்துக்கு இடமே கிடையாதா என்றால், உண்டு. 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லரின் குழு ஓர் எலி இதயத்தைச் சலவைக் கரைசலால் கழுவிச் செல்களை எல்லாம் நீக்கியது. வெளிறிய புரதக் கூடு மட்டும் மிஞ்சியது. அதில் புதுச் செல்களை ஏற்ற, சில நாளில் அது லேசாகத் துடித்தது. ஆங்கிலம் அந்தக் கூட்டையும் ஸ்கேஃபோல்ட் என்றே சொல்கிறது. ஆனால் அது வெளியிலிருந்து வந்து கட்டியது அல்ல, இதயத்துக்கு முதலிலிருந்தே உரியது. அங்கே யாராவது சட்டகம் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.