ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ தானியம்?

“மழை மூன்று நாட்டிலும்தானே பொய்த்தது? அப்புறம் ஒரு நாட்டில் மட்டும் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்?” 2011இல் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியைக் காயவைத்த வறட்சியைப் பற்றிப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். பதில் சொல்ல வானிலையியல் மட்டும் போதாது. அதனாலேயே இந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது.

நடந்தது இதுதான். 2010 இறுதியில், பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகும் லா நினா வலுத்திருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் அக்டோபர்–டிசம்பர் மழை கைவிட்டது. அடுத்து வரவேண்டிய மார்ச்–மே மழையும் ஏமாற்றியது. எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா மூன்றிலும் மேய்ச்சல் நிலம் காய்ந்தது. ஆனால் 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது தெற்கு சோமாலியாவின் இரண்டு பகுதிகளில். அடுத்த வாரங்களில் அந்தப் பட்டியல் நீண்டது. அப்போதும் சோமாலியாவுக்கு வெளியே போகவில்லை. அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். அதில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

உள்நாட்டுப் போரும், நிவாரண அமைப்புகளை உள்ளே விடாத ஆயுதக் குழுவும் முக்கியக் காரணங்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போர் எந்த வழியாக ஒரு வீட்டின் சட்டிக்குள் புகுந்து சோற்றை எடுக்கிறது? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் வறட்சியை அளக்கும் வேலையை வேகமாக முடித்துவிடலாம். ஆண்டுக்கு 200 மி.மீ. பெய்யும் பூமியில் 100 மி.மீ. குறைவதும், 3,000 மி.மீ. பெய்யும் பூமியில் 100 குறைவதும் ஒன்றல்ல. 1993இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் மூவரும் இதற்கொரு எளிய வழி சொன்னார்கள். மில்லிமீட்டரை மறந்துவிடு, இந்த இடத்தின் முப்பது ஆண்டுப் பதிவில் இவ்வளவு குறைந்த மழை எவ்வளவு அபூர்வம் என்று மட்டும் கேள். அந்த அபூர்வத்தைப் பள்ளியில் பார்த்த மணிவடிவ வளைவின் மேல் வைத்தால் ஓர் எண் கிடைக்கும். −1 என்றால் மிதமான வறட்சி, −1.5 கடுமை, −2 மிகக் கடுமை. −2க்குக் கீழே இறங்குவது நூறு முறைக்கு இரண்டு, மூன்று முறைதான் நடக்கும். எஸ்பிஐ என்ற இந்தக் குறியீட்டை இன்று உலகெங்கும் வானிலைத் துறைகள் பயன்படுத்துகின்றன. வெப்பத்தை அது கண்டுகொள்ளாது என்பதால், 2010இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஆவியாகும் நீரின் அளவையும் கழித்துக்கொள்ளும் இன்னொரு குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். சூடான காற்று மண்ணை உறிஞ்சும் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் இனி வறட்சியைப் பேச முடியாது.

மழைச் சடங்குகள் ‘பலிப்பதன்’ ரகசியமும் இந்த வளைவிலேயே இருக்கிறது. சடங்கை யாரும் சுமாரான ஆண்டில் செய்வதில்லை. நிலைமை −2ஐத் தொடும்போதுதான் செய்கிறார்கள். வளைவின் கடைக்கோடியில் நிற்கும்போது அடுத்த அளவு சராசரியை நோக்கித் திரும்புவதற்கே வாய்ப்பு அதிகம். மழை வந்துவிடும், புகழ் சடங்குக்குப் போய்விடும். நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்தச் சடங்குக்குப் பொதுப்பணம் செலவாகும்போதுதான் கோபம் வருகிறது.

சரி, மேகத்தை அளந்துவிட்டோம். மனிதர்களை எப்படி அளப்பது? பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2012இல் வெளியிட்ட சிறப்பறிக்கை மூன்று பொருள்களைப் பிரித்து வைத்தது. வந்து தாக்கும் நிகழ்வு ஒன்று. அதன் வழியில் இருக்கும் மனிதரும் பயிரும் கால்நடையும் இரண்டாவது. அடி விழுந்தால் தாங்குவார்களா, ஒடிவார்களா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் பாதிப்புறும் தன்மை. மூன்றும் கூடினால்தான் பேரிடர். மூன்றில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விளைவும் பூஜ்யம் என்பதால், பல ஆய்வாளர்கள் இவற்றைக் கூட்டாமல் பெருக்குகிறார்கள். யாரும் வாழாத பாலைவனத்தில் −3 வந்தாலும் அது வெறும் வானிலைச் செய்தி.

மூன்றாவது பொருளின் உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த இயக்கம் ஒன்று இருக்கிறது. பஞ்ச முன்னெச்சரிக்கை வேலையில் இருப்பவர்கள் வாராவாரம் சந்தையில் கேட்கும் கேள்வி அது: ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ தானியம் வாங்கலாம்?

மேய்ச்சல் குடிகள் ஆட்டை வளர்ப்பது பெரும்பாலும் தாங்களே தின்பதற்கு அல்ல. ஒரு மெலிந்த ஆட்டில் 12 கிலோ இறைச்சி தேறும் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 15,000 கிலோகலோரி இருக்கும். அதே ஆட்டை நல்ல காலத்தில் விற்று 100 கிலோ சோளம் வாங்க முடிந்தால் கிடைப்பது 3,40,000 கிலோகலோரி. இருபது மடங்குக்கும் மேல். புல்லைத் தின்ன முடியாத மனிதன், புல்லை ஆடாக்கி, ஆட்டைச் சந்தையில் தானியமாக்கிக்கொள்கிறான். மேய்ச்சல் வாழ்க்கையே இந்த மாற்றுவிகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்போது மழையை நிறுத்திப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு குடும்பம்: 30 ஆடுகள், பால் போக மாதம் 50 கிலோ தானியத் தேவை. நல்ல காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஓர் ஆட்டை விற்றால் போதும். ஆண்டுக்கு ஆறு. குட்டி போடுவதில் அது சரியாகிவிடும்.

மழை பொய்த்ததும் விளைச்சல் குறைந்து தானிய விலை இரட்டிப்பாகிறது. தீவனமில்லாமல் ஆடு இளைத்து, அதன் விலை பாதியாகிறது. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் பயங்கரமாகத் தெரியாது. ஆனால் விகிதத்தில் அவை ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன: ஓர் ஆட்டுக்கு 100 கிலோ கிடைத்த இடத்தில் இப்போது 25 கிலோ. அதோடு பாலும் வற்றுவதால் தானியத் தேவை 50இலிருந்து 75 கிலோவாக ஏறுகிறது. மாதத்துக்கு மூன்று ஆடுகள். பத்து மாதத்தில் பட்டி காலி. அடுத்த மழை நன்றாகப் பெய்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கேதான் விஷயம் வினோதமாகிறது. சாதாரணச் சந்தையில் விலை விழுந்தால் விற்பவர் சரக்கை நிறுத்திவைப்பார்; வரத்து குறைந்து விலை மீளும். இந்தச் சந்தையில் வயிறு காத்திருக்காது. விலை விழுந்தால் விற்பவர் முன்பைவிட அதிகம் விற்கவேண்டும். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அதையே செய்கிறார்கள். வரத்து கூடுகிறது, விலை மேலும் விழுகிறது, இன்னும் அதிகம் விற்கவேண்டியிருக்கிறது. தன்னைத் தானே கீழே தள்ளிக்கொள்ளும் சுழற்சி.

“விற்பானேன், அறுத்துத் தின்னலாமே” என்று தோன்றும். கலோரியைப் போட்டுப் பாருங்கள். 25 கிலோ தானியத்தில் 85,000 கிலோகலோரி, ஆட்டில் 15,000தான். விகிதம் நாலரைக் கிலோவுக்கும் கீழே சரியும்வரை விற்பதே அறிவுள்ள முடிவு. ஒவ்வொரு குடும்பமும் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. எல்லோரும் சரியாகப் போட்டதாலேயே எல்லோரும் மூழ்குகிறார்கள். முட்டாள்தனத்தால் வரும் பேரழிவைவிட இது என்னை அதிகம் அலைக்கழிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தையில் தானியம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவில் பஞ்சம் வந்தபோதும், 1943இல் வங்காளத்தில் வந்தபோதும் உணவு அடியோடு இல்லாமல் போகவில்லை என்பதை அமர்த்தியா சென் எண்களோடு காட்டினார். வங்காளத்தில் முதலில் சாய்ந்தவர்கள் விவசாயக் கூலிகள், மீனவர்கள், முடிதிருத்துவோர் போன்றவர்கள். அரிசி விலை பறக்க, அவர்கள் விற்கும் உழைப்புக்கும் மீனுக்கும் அரிசிக் கணக்கில் மதிப்பில்லாமல் போயிற்று. ஆட்டுக்கு நடந்ததுதான் கத்தரிக்கோலுக்கும் நடந்தது. காந்திநகர் ஐஐடியைச் சேர்ந்த விமல் மிஸ்ரா குழு 2019இல் பழைய வானிலைப் பதிவுகளிலிருந்து மண்ணின் ஈரத்தைக் கணித்துப் பார்த்தபோது, வங்காளப் பஞ்சத்துக்கு மண் வறட்சி காரணமில்லை என்றே முடிவு வந்தது. நம் தாத்தா பாட்டிகள் கதையாகச் சொன்ன தாது வருஷப் பஞ்சம் வேறு வகை. 1876–78இல் வலுத்த எல் நினோ, அதாவது அதே பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை, இந்தியா, சீனா, பிரேசில் என்று உண்மையாகவே மண்ணைச் சுட்டது. ஆனாலும் அந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

இப்போது போர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது தெரிந்திருக்கும். பாதை அடைபட்டால் வெளியூர் வியாபாரி ஆடு வாங்க வரமாட்டார், வெளியூர்த் தானியமும் வராது. விகிதத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே நேரத்தில் அடிவாங்கும். எத்தியோப்பியாவிலோ 2005 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது: ஏழைக் குடும்பங்களுக்குப் பொதுவேலை கொடுத்து, பணமாகவோ உணவாகவோ கூலி தருவது. மாதம் கொஞ்சம் தானியம் வேறு வழியில் வந்துவிட்டால் விற்கவேண்டிய ஆடுகள் குறையும், சுழற்சி அவ்வளவு வேகமெடுக்காது. 2011இல் அங்கே கஷ்டம் இருந்தது. பஞ்சம் வரவில்லை.

இத்தனை நுணுக்கமும் நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் குறியீடுகளில் பெரும்பாலும் தொலைந்துபோகிறது. எழுத்தறிவு, சாலை, வருமானம், பாசனப் பரப்பு என்று கையில் கிடைப்பதையெல்லாம் 0 முதல் 1 வரை அளவுக்குள் சுருக்கி, சராசரி எடுத்துவிடுகிறார்கள். 2003இல் சூசன் கட்டர் குழு அமெரிக்க மாவட்டங்களுக்காகச் செய்த புகழ்பெற்ற அளவீடு 42 மாறிகளை 11 காரணிகளாகச் சுருக்கியது; அந்த வழியில் பிறகு எத்தனையோ வரைபடங்கள் வந்துவிட்டன. சராசரியில் ஒரு சூது உண்டு. ஒரு சமூகம் மூன்று அம்சங்களில் 0.9, 0.9, 0.1 பெற்றால் கூட்டுச் சராசரி 0.63. பரவாயில்லை போலிருக்கிறதே! மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.43. நல்ல சாலையும் நல்ல பள்ளியும் வற்றிய கிணற்றை ஈடுகட்டாது என்பதை இரண்டாவது கணக்கு ஓரளவு ஒப்புக்கொள்கிறது. மனித மேம்பாட்டுக் குறியீடு 2010இல் இந்தப் பெருக்கல் சராசரிக்கு மாறியது இதே மனக்குறையால்தான். அப்போதும் நாட்டின் சராசரி அந்த 30 ஆட்டுக் குடும்பத்தைக் காட்டாது.

நிதி ஒதுக்குபவர்கள்மீது எனக்கு ஒரு வருத்தம். நிலத்தடி நீர் கூடிக் குறைவதை ஈர்ப்புவிசை மாற்றத்தைக் கொண்டு விண்ணிலிருந்து எடைபோடும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் 2002இலேயே பறந்துவிட்டன. அற்புதமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாராவாரம் சந்தைக்குப் போய் ஆட்டு விலையையும் சோள விலையையும் நாள்கூலியையும் எழுதிவைப்பவருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் ‘திட்டக் காலம் முடிந்தது’ என்கிறார்கள். இருபது ஆண்டு இடைவிடாத விலைப் பட்டியல் இல்லாமல் பஞ்சத்தை முன்கணிக்கும் எந்தக் கணக்கு மாதிரியும் தேறாது. ஆய்விதழ்களுக்கு அது சுவாரசியமில்லாத தரவு, அவ்வளவுதான்.

இந்தக் குறியீடுகள் உண்மையிலேயே எதையாவது முன்கூட்டிச் சொல்கின்றனவா என்று சோதிப்பது கடினம். சமூகங்களை ஆய்வகத்தில் வைத்துக் காயவைக்க முடியாதே. மார்கரெட் நெல்சனும் கூட்டாளிகளும் 2016இல் இதற்கு அகழாய்வைப் பிடித்தார்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைப் பகுதிகளிலும் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து போன்ற வட அட்லாண்டிக் தீவுகளிலும் வாழ்ந்த பழைய சமூகங்களை எடுத்துக்கொண்டு, அபூர்வமான தட்பவெப்ப அடி விழுவதற்கு முன்பு அவை எப்படி இருந்தன என்று மதிப்பெண் போட்டார்கள். சேமிப்பு இருந்ததா, அண்டை அயலோடு தொடர்பு இருந்ததா, இடம்பெயர முடிந்ததா, உணவில் எல்லோருக்கும் பங்கு கிடைத்ததா என்பவை கேள்விகள். பாலைவனமும் பனித்தீவும் ஒரே பதிலைத் தந்தன. அடிக்கு முன்பே மோசமான மதிப்பெண் வாங்கியவைதான் பிறகு உணவின்றித் தவித்தன, நிலைகுலைந்தன. அந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி மழையைப் பற்றியதே அல்ல.

ஆட்டுச் சுழற்சியைத் தெரிந்துகொண்டால் எங்கே கை வைக்கவேண்டும் என்பதும் தெரியும். 2010 ஜனவரியில் வட கென்யாவின் மார்சபிட்டில் ஒரு கால்நடைக் காப்பீடு தொடங்கியது. செத்த மாட்டை யாரும் வந்து எண்ண வேண்டாம். நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் பார்க்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம். முதலில் அது இறந்த கால்நடைக்கு ஈடுகட்டும் ஏற்பாடாக இருந்தது. சில ஆண்டுகளில் அதையே முன்னே நகர்த்தினார்கள்: மேய்ச்சல் காயும்போதே பணத்தைக் கொடு, தீவனம் வாங்கி ஆட்டைக் காப்பாற்றிக்கொள்ளட்டும். காப்பீட்டுக் கணக்கில் இது சில மாத வித்தியாசம். பட்டியில் இருக்கும் ஆடுகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம்.

குறைகள் உண்டு. செயற்கைக்கோளுக்குப் பச்சைதான் தெரியும். ஆடு வாய் வைக்காத முட்புதரும் பச்சைதான். வறட்சிக்கு முன்பே மந்தையை இழந்துவிட்டவருக்கு இந்தக் காப்பீட்டால் ஒன்றுமில்லை. அவர் விற்பது நாள்கூலி, பார்க்கவேண்டிய விகிதம் கூலிக்கும் சோளத்துக்கும் இடையிலானது. அப்படிப்பட்டவர்களுக்காகக் கென்யாவின் வறண்ட வட மாவட்டங்களில் வேறொரு வழி இருக்கிறது: அதே வகைப் பசுமை அளவு சரிந்தால், வழக்கமாக உதவித்தொகை பெறாத குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கும் தற்காலிகமாகப் பணம் போகும். விண்ணப்பம் வேண்டாம், ஆட்டைக் காட்டவும் வேண்டாம்.