ஏர்லாக்: பூட்டா, மடையா, இடைகழியா?

"மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, ஏர்லாக் ஆகிவிட்டது" என்று கிணற்று மேட்டில் நின்று சொல்லும் விவசாயிக்கும், மொட்டைமாடித் தொட்டியின் குழாயைக் கழற்றிப் பார்க்கும் பிளம்பருக்கும் இந்தச் சொல் புதிதன்று. குழாய்க்குள் சிக்கிக்கொண்ட காற்று நீரை மறித்து நிற்பதையே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பொருளுக்குக் 'காற்றடைப்பு' என்ற தமிழ்ச்சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. விண்வெளி நிலையத்துச் செய்திகளில் வரும் ஏர்லாக் வேறு. அது அடைப்பு அன்று, அறை. உள்ளே மனிதர் மூச்சுவிடும் காற்றும் வெளியே வெற்றிடமும் இருக்க, உள்ளிருக்கும் காற்றை இழக்காமல் ஆளை மட்டும் வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வதற்காக இரண்டு கதவுகளுக்கு நடுவே அமைத்த சிறு அறை. இதனைக் 'காற்றுப்பூட்டு' என்று எழுதும்போது பிழை தொடங்குகிறது.

லாக் என்பதைப் பூட்டு என்று கொள்வது இயல்பான தவறுதான். அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் தாழ்ப்பாளையும், அடைத்து வைத்த இடத்தையும் ஒருசேரக் குறித்தது. முதற்பொருள் கதவுப் பூட்டாக நின்றுவிட, இரண்டாம் பொருள் ஆற்றோரம் சென்று நீரோட்டத்தின் குறுக்கே போட்ட தடுப்பைக் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில், முன்னும் பின்னும் கதவு வைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கால்வாய்த் தொட்டிக்கு அதுவே பெயராயிற்று. பனாமா கால்வாயில் கப்பல்கள் படிப்படியாக ஏறி இறங்குவது இத்தகைய லாக்குகள் வழியாகத்தான். சென்னையை ஊடுருவிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் படகுகள் ஓடிய காலத்தில் அங்கும் இவை இருந்தன. தாழ்ந்த மட்டத்திலிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். நீரை விட்டுப் படகை உயர்த்துவார்கள். மட்டம் சமமான பிறகே முன்கதவைத் திறப்பார்கள். இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதே அதன் ஒற்றை விதி. நீருக்குப் பதில் காற்றை வைத்தால் அதுதான் ஏர்லாக்.

மற்ற மொழிகளில் இந்தக் குழப்பம் எழவில்லை. ரஷ்யர்கள் 'ஷ்லூஸ்' என்கிறார்கள். ஜெர்மானியர்கள் 'லுஃப்ட்ஷ்லாய்சே' என்கிறார்கள். இரண்டும் மதகைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல் ஒன்றின் பேரப்பிள்ளைகள். பிரெஞ்சில் 'சாஸ்' என்றாலும் கால்வாய்த் தொட்டிதான். விண்வெளிக்குப் போன பிறகும் இச்சொற்களின் காலில் ஆற்று ஈரம் காயவில்லை.

சொல் ஆற்றிலிருந்து நேரே விண்ணுக்கு ஏறிவிடவும் இல்லை. நடுவில் மண்ணுக்கு அடியில் இறங்கியது. நீர் ஊறும் நிலத்தில் குழி தோண்டுவதற்கு, அழுத்தமூட்டிய காற்றால் நீரைத் தள்ளி நிறுத்தும் முறைக்குத் தாமஸ் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1830இல் காப்புரிமை பெற்றார். அழுத்தம் கலையாமல் ஆட்கள் போய்வர அதில் இருகதவு அறை தேவைப்பட்டது. பின்னர் லுவார் ஆற்றங்கரையில் நிலக்கரிச் சுரங்கம் இறக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் டிரிஜே அம்முறையைச் செயலில் காட்டினார்; வெளியே வந்த தொழிலாளர் சிலருக்கு மூட்டுகளில் கடும் வலி கண்டதையும் பதிவு செய்தார். 1870இல் செயின்ட் லூயிஸ் பாலத்து அடித்தளப் பணியில் அதே நோய் உயிர்களைப் பறித்தது. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கையே 1872இல் முடக்கிப் போட்டது. உயர்ந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறையும்போது சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழ்களாகப் பொங்குவதே காரணம். இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு: பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஏர்லாக்கில் வீரர்கள் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இந்தப் பழைய பாலத்தொழிலாளர் நோயைத் தவிர்ப்பதற்கே போகிறது.

விண்ணில் முதன்முதலாக இதனைப் பயன்படுத்தியவர் சோவியத் விண்வெளி வீரர் அலெக்ஸி லியோனவ். 1965 மார்ச் 18 அன்று வஸ்கோத் 2 கலத்தின் பக்கவாட்டில் ஊதி விரித்த துணிக்குழல் ஒன்றின் வழியாக அவர் வெளியே சென்றார். அந்தக் கலத்தின் கருவிகள் காற்றால் குளிர்விக்கப்பட்டவை, ஆதலால் கலத்தின் காற்றை முழுக்க வெளியேற்ற இயலாது, குழல் கட்டாயம். அடுத்த சில மாதங்களில் ஜெமினி 4இல் பறந்த அமெரிக்கர்கள் ஏர்லாக் இன்றியே, கலம் முழுவதையும் வெற்றிடமாக்கிக் கதவைத் திறந்தார்கள். பலர் குடியிருக்கும் நிலையத்தில் அப்படிச் செய்ய முடியாது.

இன்றைய நிலையத்தில் அமெரிக்கப் பகுதியின் ஏர்லாக் 'குவெஸ்ட்'. 2001 ஜூலையில் அட்லாண்டிஸ் விண்ணோடம் கொண்டுசென்று பொருத்தியது, ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம். இதற்குள் இரண்டு அறைகள்: விண்ணுடைகளை வைத்துப் பேணி அணிந்துகொள்ளும் அகன்ற அறை ஒன்று, வெற்றிடத்துக்குத் திறக்கும் குறுகிய அறை மற்றொன்று. நிலையத்துக்குள் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதுபோல் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, விண்ணுடைக்குள் 4.3 பவுண்டு மட்டுமே. அதற்கு மேல் வைத்தால் உடை விறைத்துக் கைவிரலைக்கூட மடக்க முடியாது. 14.7இலிருந்து 4.3க்கு இறங்குவது பாலத்துக் குழியிலிருந்து மேலேறுவதற்கு ஒப்பானது. ஆகவே முன்னதாகவே தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்து உடலில் உள்ள நைட்ரஜனைக் கழிக்கிறார்கள். சில ஆண்டுகள், வெளியே செல்லவிருக்கும் வீரர் இருவரும் முதல்நாள் இரவே குவெஸ்டுக்குள் சென்று, அழுத்தத்தை 10.2 பவுண்டாகக் குறைத்துக்கொண்டு அங்கேயே உறங்கியதும் உண்டு. பிறகு உடைக்குள் இருந்தபடியே கைகால்களை மெல்ல அசைத்து நைட்ரஜனை விரைந்து கழிக்கும் முறை வந்தது. எல்லாம் முடிந்து குறுகிய அறையின் உட்கதவு மூடப்பட்டதும், காற்றின் பெரும்பகுதியை ஒரு பம்பு உறிஞ்சி நிலையத்துக்கே திருப்பி அனுப்பும். மிச்சம் வெளியே விடப்படும்.

இத்தனை பாடும் பெரும்பாலும் பழுதுபார்க்கவும் பழையதை மாற்றவும்தான். நிலையத்தின் 48 நிக்கல் ஹைட்ரஜன் மின்கலங்களை அகற்றி 24 லித்தியம் அயனி மின்கலங்களைப் பொருத்தும் பணி 2017 ஜனவரியில் தொடங்கி 2021 பிப்ரவரியில் முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் ஷேன் கிம்பரோவும் தோமா பெஸ்கேயும், பாயைப்போல் சுருட்டி அனுப்பப்பட்ட புதிய சூரிய மின்தகடுகளின் முதல் இணையைப் பழைய தகடுகளின் முன்னே விரித்துப் பொருத்தினார்கள். அந்த மின்கலங்களோ தகடுகளோ குவெஸ்ட் வழியாகச் செல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை சரக்குக் கலங்களின் திறந்த பகுதியில் வந்து இயந்திரக் கையால் எடுத்து வைக்கப்பட்டவை. வாசல் ஆளுக்கும் அவர் இடுப்பில் கட்டிய கருவிகளுக்கும் மட்டுமே.

இனித் தமிழுக்கு வருவோம். குவெஸ்டின் அறைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களைப் 'பூட்டு' என்ற சொல்லைக் கொண்டு பெயர்த்தால் 'உபகரணப் பூட்டு', 'குழுப் பூட்டு' என்று வரும். வீரர் இருவர் பூட்டுக்குள் உடை மாற்றினார்கள் என்று எழுத யாருக்குக் கை வரும்? எனவே பூட்டை ஒதுக்கலாம்.

வேர்ப்பொருளை நோக்கினால் 'மடை' நெருங்கி வருகிறது. 'காற்றுமடை' என்பது ஓசையிலும் இனிது. நெடுநாள் நானும் அப்படியே எழுதிவந்தேன். ஆனால் நம் மடை ஒற்றைக் கதவு உடையது, பாய்ச்சுவதற்காகவே திறப்பது. 'மடை திறந்தாற்போல்' என்றால் தமிழர் மனத்தில் எழுவது பீறிட்டு வரும் வெள்ளம். ஏர்லாக்கில் அப்படி நேர்ந்தால் அது விபத்து, நேர்ந்தும் இருக்கிறது. 1990 ஜூலையில் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்தின் க்வாந்த் 2 பகுதியில், காற்று முழுதும் வெளியேறுமுன்னரே வீரர்கள் சொலவியோவும் பலாந்தினும் வெளிக்கதவைத் திறந்துவிட, எஞ்சிய காற்றின் தள்ளலில் கதவு அறைந்து திறந்து கீல் சேதமுற்றது. திரும்பி வந்தபோது அதை மூட முடியாமல், அடுத்த உள்ளறையையே ஏர்லாக்காக்கி உள்ளே நுழைந்தார்கள். பெயரே விபத்தை நினைவூட்டுவது நல்ல கலைச்சொல்லுக்கு அழகன்று.

என் தேர்வு 'இடைகழி'. தெருக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவே உள்ள நடை, பேச்சில் ரேழி. இடையே கழிந்து, அதாவது கடந்து செல்லும் இடம். திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரின் கதையில் வரும் இடைகழி ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமுடையது. குவெஸ்டின் குறுகிய அறையைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவுக் கணக்கு வியப்பூட்டாது. இரண்டு கதவு, நெருக்கம், கடத்தல், வெளியே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் நடுவில் சற்று நின்று காத்திருத்தல் ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் முன்பே இருக்கின்றன. காத்திருத்தல் சிறிய கூறன்று. 2013 ஜூலை 16 அன்று நிலையத்துக்கு வெளியே பணியிலிருந்த இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் நீர் கசிந்து மூக்கை மூடியபோது, அவர் குவெஸ்டுக்குள் வந்து சேர்ந்த பிறகும் கவசத்தைக் கழற்ற முடியவில்லை. கதவு மூடி அழுத்தம் ஏறும்வரை, காதிலும் நீர் நிறைந்து ஒன்றும் கேட்காமல், அருகிலிருந்த சக வீரர் கிறிஸ் காசிடியின் கை அழுத்தத்தை மட்டும் அறிந்து கொண்டு அவர் இருக்க வேண்டியிருந்தது. கட்டுரைகளில் முதன்முறை 'அழுத்த இடைகழி' என்று எழுதிவிட்டு, பிறகு வெறுமனே 'இடைகழி' என்று தொடரலாம். குவெஸ்டின் இரண்டு பகுதிகளும் முறையே 'கருவி இடைகழி', 'வீரர் இடைகழி' ஆகும். மருந்து ஆலைகளிலும் தூய்மை அறைகளிலும் உள்ள ஏர்லாக்குக்கும் இதுவே செல்லும்.

ஓரிடத்தில் மட்டும் சொல் திணறும். 2020 டிசம்பரில் நிலையத்துக்குச் சென்ற 'பிஷப்' என்னும் தனியார் ஏர்லாக்குக்கு வெளிக்கதவே இல்லை. மணி வடிவில் கவிழ்த்து வைத்த கூடு அது. உள்ளே பொருளை வைத்து, நிலையத்தின் கதவைச் சாத்தி, காற்றை உறிஞ்சியபின் இயந்திரக் கை கூட்டையே பெயர்த்து எடுத்துச் செல்லும். ஆள் கடப்பதில்லை, இரு கதவும் இல்லை. அதனை இடைகழி என்பது பொருந்தாது. ஆங்கிலத்தின் லாக்கும் அங்கே இழுத்துப் பிடித்த சொல்தான். அதற்குக் 'காற்றுக்கூடு' என்று தனிப்பெயர் வைத்துக்கொள்வதே சரி.